மூச்சுக்கு மூன்று இன்ச்

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவளால் பேச முடியாது. பதினோரு வருஷமாக நான் வாயில் குண்டூசியோடு முட்டி போட்டு வேலை பார்க்கிறேன். நான் பார்த்த வேலைகளிலேயே குடும்பத்துக்கு நிம்மதி கொடுத்த வேலை இது ஒன்றுதான் என்று என் அக்கா சொல்வாள்.

பெண் பிள்ளைகளின் விசேஷ நாட்களுக்கு உடை தைத்துத் தரும் கடை அது. பரிசளிப்பு விழா, மேடை நிகழ்ச்சி, சித்தப்பா கல்யாணம், எதுவானாலும் எங்களிடம் வருவார்கள். முன்னால் இரண்டு வரிசையில் கவுன்கள் தொங்கும். மூலையில் திரை போட்ட ட்ரையல் ரூம், அதற்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பலகை. பிள்ளைகள் பலகையில் ஏறி நிற்பார்கள். நான் கீழே, அவர்கள் காலடியில். அம்மாக்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் கால் விரல்களைப் பார்க்கிறேன். உடை பிடிக்காவிட்டாலும் முகம் ஒப்புக்குச் சிரித்து வைக்கும். கட்டைவிரலுக்கு அந்த நாகரிகம் தெரியாது. அது மடங்கிக்கொள்ளும்.

கடையில் ஒரு பழக்கம் இருந்தது, முதலாளியம்மா ஆரம்பித்தது. டேப்பைச் சுற்றிய கையோடு நான் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், அவர் கல்லாவில் உட்கார்ந்தபடி நோட்டில் எழுதிக்கொள்வார். எழுந்து வர அவருக்கு முழங்கால் வலி. "இடுப்பு முப்பத்துமூணு" என்று நான் குரல் கொடுத்தால் கடைக்குள் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். பலகையில் நிற்கிற பிள்ளையின் பத்து விரலும் மடங்கும்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளையென்றால் ஓர் இன்ச் குறைத்துச் சொல்வேன். எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளையென்றால் இரண்டு இன்ச் கூட்டிச் சொல்வேன். பிறகு பின்கட்டுக்குப் போய், துணி வெட்டுகிற மாஸ்டரின் காதில் உண்மையான எண்ணைப் போட்டுவிடுவேன். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு வெட்டுவார். நோட்டில் ஓர் எண், துணியில் ஓர் எண். பொய்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் இறுக்காத பொய் அது. பதினோரு வருஷத்தில் ஒரு கவுன்கூட திரும்பி வந்ததில்லை.

அந்தப் பொய்தான் என் அக்கா மகளின் கழுத்தில் வந்து விழுந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியின் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுததால் அன்றைக்கே சங்கு என்று பெயர் வைத்துவிட்டோம். நிஜப் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. சங்கு நல்ல உடம்புக்காரி. அவள் ஓடி வந்து கட்டிப்பிடித்தால் நாம் இரண்டடி பின்னால் போக வேண்டும். அந்த உடம்புக்குள்ளிருந்து வருகிற குரல் இருக்கிறதே, அதைப் பற்றி நான் சொன்னால் சித்தி பாசம் என்பீர்கள். அதனால் பாட்டு டீச்சர் செய்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குப் பதினெட்டு பிள்ளைகள் சேர்ந்து பாடப்போகிறார்கள். பாட்டின் நடுவில் பதினேழு பேரும் நிறுத்திவிட, ஒருத்தி மட்டும் தனியாக ஒரு வரியைப் பாடி, அதன் கடைசிச் சொல்லைப் பதினாறு எண்ணும் வரை விடாமல் பிடிக்க வேண்டும். அந்த வரியை டீச்சர் சங்குவுக்குக் கொடுத்தார். சங்கு ஒரு வாரம் குளியலறையிலிருந்து வெளியே வரவில்லை. பல் தேய்க்கும்போதுகூட விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள் என்று அக்கா புலம்பினாள்.

பதினெட்டு பேருக்கும் ஒரே மாதிரி நீல கவுன். எங்கள் கடைக்குத்தான் வேலை வந்தது. டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்தார். சில அம்மாக்களும் வந்தார்கள், என் அக்கா உட்பட.

"மேடையில கோடு போட்ட மாதிரி இருக்கணும்," என்றார் டீச்சர். "இடுப்புல நல்லா பிடிச்சு இருக்கணும், தொளதொளன்னு தொங்கக் கூடாது. எல்லாரும் நிமிர்ந்து நில்லுங்க. வயித்தை உள்ள இழுங்க."

எல்லா வயிறும் உள்ளே போயின. ஒருத்தியைத் தவிர. ஒல்லி என்று கூப்பிடுவார்கள் அவளை, சங்குவின் பக்கத்து பெஞ்சுக்காரி, ஊதினால் பறந்துவிடுவாள். அவள் மட்டும் வயிற்றை உப்பிக்கொண்டு நின்றாள். அவள் இடுப்பு இருபத்துமூன்று. உப்பியதில் இருபத்துநாலு ஆனது. அவள் பெருவிரல் மடங்குவதைப் பார்த்துவிட்டு "இருபத்தாறு" என்று குரல் கொடுத்தேன். அவள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்.

சங்கு பலகையில் ஏறியபோது பேச்சு அடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில் காது கூர்மையாகிவிடும். அக்கா பக்கத்திலேயே நின்று, உதடு அசையாமல், "வயித்தை எக்குடி, இன்னும் எக்கு," என்றாள். சங்கு எக்கினாள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, விலா எலும்பு எண்ணலாம் போல எக்கினாள். டேப் முப்பத்திரண்டு காட்டியது. அது அவள் அளவு கிடையாது என்று எனக்குத் தெரியும், இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவள் கால் விரல்களைப் பார்த்தேன். "முப்பத்தொண்ணு" என்றேன்.

மாஸ்டரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் எனக்கு விடுமுறை. அதற்கடுத்த நாள் போனால், பதினெட்டு கவுன்களையும் மொத்தமாக வெளியே ஒரு தையற்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், நோட்டிலிருந்து எண்களைப் பெயர்த்து எழுதி அனுப்பியாகிவிட்டது என்றும் முதலாளியம்மா சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் பதினோரு வருஷப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் கோழையாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் முதலில் அந்த நாளைத்தான் எண்ணுவேன்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கவுன்கள் வந்தன. அன்று மாலையே அக்கா சங்குவை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

கவுன் அழகாகத்தான் இருந்தது. நல்ல நீலம், நல்ல வீழ்ச்சி. சங்கு எக்கிப் பிடித்தாள், அக்கா பின்னால் நின்று ஜிப்பை இழுத்தாள், நான் துணியின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு பெட்டியை மூடுகிற மாதிரி மூடினோம்.

"பாத்தியா, ஏறிடுச்சு," என்றாள் அக்கா. அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பெரிய சைஸ் வேணும், தனியா தைக்கணும்னு யாரும் சொல்லல. எல்லாரும் போடுற மாதிரியே போட்டுட்டா என் பொண்ணு."

"சங்கு, அந்த வரியைப் பாடு," என்றேன்.

"இங்கேயா சித்தி?"

"இங்கதான். அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்ல."

அவள் பாடினாள். குரல் எழும்பியது. நான் விரல்விட்டு எண்ணினேன். ஏழு வரை நன்றாக இருந்தது, எட்டில் நடுங்கியது, ஒன்பதில் அறுந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். மறுபடி முயன்றாள். மறுபடியும் ஒன்பது.

"புது ட்ரெஸ்ல பயம்," என்றாள் அக்கா. "அன்னிக்கு சரியாயிடும்."

"பயம் இல்லக்கா. இடம் இல்ல. மூச்சு உள்ள போகவே இடம் இல்ல."

"பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சிடுவா."

கவுனைக் கழற்றிவிட்டு, சங்குவைப் பலகையில் நிறுத்தி, டேப்பைச் சுற்றி, பாடுவதற்கு இழுக்கிற மாதிரி முழு மூச்சு இழுக்கச் சொன்னேன். அவளுக்கு வயிற்றை வெளியே விடவே மனமில்லை. "அம்மா பாக்குறாங்க," என்று கிசுகிசுத்தாள். "பாக்கட்டும்," என்றேன். இழுத்தாள். டேப் என் விரலுக்குள் நழுவி நழுவிப் போய் முப்பத்தைந்தில் நின்றது. தையற்காரர்கள் தளர்வுக்கு விடுகிற ஓர் இன்ச்சையும் சேர்த்து, கவுன் முப்பத்திரண்டு. மூன்று இன்ச் குறைவு. அதில் ஓர் இன்ச் நான் வாயால் தின்றது.

பெரிய கவுன் வேண்டுமென்றால் புதிதாகத் தைக்க வேண்டும். அந்த நீலம் தீர்ந்துவிட்டதாம், வர ஒரு மாதம் ஆகுமாம். முதலாளியம்மாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்று நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேடையில் சங்குவின் மதியச் சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். காலையில் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது.

"மூணு நாளா திருப்பிக் கொண்டு வர்றா," என்றாள் அக்கா. பாத்திரம் கழுவிக்கொண்டே, கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "நான் சொல்லல. அவளாவே பண்றா. நாளைக்கு உங்க கடையில எல்லாரும் கவுன் போட்டுப் பாப்பாங்களாம். அங்க பதினாறு வரலன்னா தனி வரியை ஒல்லி பாடுவான்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"சாப்பிடாத பிள்ளைக்கு மூச்சு எங்கிருந்துக்கா வரும்?"

"எனக்கு அம்மா சொன்னாங்க. எக்கு, கம்மியா சாப்பிடு, மேல துணியைப் போட்டு மூடுன்னு. நான் கேட்டேன். செத்தா போயிட்டேன்?"

அவள் தலைக்கு மேல் சுவரில் அவள் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. எக்கிப் பிடித்து, உதட்டை இறுக்கி, எப்போது எடுத்து முடிப்பான் என்று காத்திருக்கிற முகம். மாமா சிரித்துக்கொண்டிருக்கிறார். இருபது வருஷமாக அந்தப் போட்டோவில் அக்கா மூச்சு விடவில்லை. இதைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் பாத்திரம் பறக்கும் என்று வேறு ஒன்றைச் சொன்னேன்.

"அந்த எண்ணை நான்தான்க்கா குறைச்சு சொன்னேன். கவுன் சின்னதா இருக்குறது என்னால. பிள்ளை மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா திரும்பிப் பார்த்தாள். சோப்பு நுரை முழங்கையில் வழிந்தது.

"எதுக்குடி குறைச்சே?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாங்களே."

அவள் குழாயை மூடிவிட்டு நின்றாள். உள்ளே அறையில் சங்கு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடாத குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, கடைசிப் பருக்கை வரை ஊட்டினேன். பன்னிரண்டு வயதுக் குதிரைக்கு ஊட்டுகிறேனே என்று வெட்கமாக இருந்தாலும் விடவில்லை. அக்கா வாசலில் வந்து நின்று பார்த்தாள். தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பதினெட்டு பிள்ளைகளும் கவுனில் நின்றார்கள். கடை கொள்ளவில்லை, பாதிப் பேர் கண்ணாடிக் கதவு வரை நின்றார்கள். டீச்சர் ஒரு சுற்று சுற்றி வந்து, "அழகு, அழகு," என்றார். முதலாளியம்மா கல்லாவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் முட்டி போட்டு ஒருத்தியின் கவுன் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். என் கண் மட்டத்தில் முப்பத்தாறு பாதங்கள். அதில் முக்கால்வாசிப் பாதங்களின் விரல்கள் மடங்கியிருந்தன.

எழுந்து நின்றேன்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"வாயில இருக்கிற ஊசியைத் துப்பிட்டுப் பேசு," என்றார் முதலாளியம்மா.

உள்ளங்கையில் துப்பினேன். ஏழு குண்டூசி.

"டீச்சர், இவங்களை இப்பவே பாடச் சொல்லுங்க. நின்னு போஸ் குடுக்கவா போறாங்க, பாடத்தானே போறாங்க."

டீச்சருக்கு என் தொனி பிடிக்கவில்லை. ஆனாலும் விரலைச் சொடுக்கினார். பதினெட்டு பேரும் மூச்சை இழுத்தார்கள். முதல் வரி முடிவதற்குள் எங்கேயோ ஒரு ஹூக் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. இரண்டாவது வரியில் ஒருத்தியின் பக்கத் தையல் பிரிந்தது. ஒல்லி இரண்டு கையாலும் கவுனின் தோள்பகுதியைப் பிடித்துக்கொண்டு பாடினாள், விட்டால் கவுன் இறங்கிவிடும். தனி வரி வந்தது. சங்கு முன்னால் வந்து பாடினாள். அன்று பதினொன்று வரை போனாள். பிறகு அறுந்தது.

"சரி," என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். "ஒல்லி, நீ—"

"அவளால ஏன் முடியலன்னு நான் சொல்றேன் டீச்சர்," என்றேன். "எண்ணைச் சொன்னது நான். பெரிய எண்ணைக் குறைச்சு சொல்வேன், சின்ன எண்ணைக் கூட்டிச் சொல்வேன். எப்பவும் மாஸ்டர்கிட்ட மட்டும் நிஜத்தைச் சொல்லுவேன். இந்தத் தடவை வெளியே போயிடுச்சு. இதுங்களும் நீங்க எக்கச் சொன்னதால எக்கிக்கிட்டு நின்னாங்க. எக்கின வயித்தை அளந்து, அதுலயும் குறைச்சு, பாடுற பிள்ளைங்களுக்கு உடுப்பு தைச்சு வச்சிருக்கோம்."

முதலாளியம்மா முழங்கால் வலியை மறந்து எழுந்தார். "பதினோரு வருஷமா என் நோட்டுல பொய் எழுதி வச்சிருக்கியா?"

"எழுதினது நீங்க மேடம். நான் சொன்னேன்."

பின்கட்டுத் திரைக்குப் பின்னால் மாஸ்டர் இருமுவது கேட்டது. சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

"நாளையிலேருந்து நீ வர வேணாம்," என்றார் முதலாளியம்மா.

"வரலன்னா இந்தப் பதினெட்டையும் யார் பிரிச்சுத் தைக்கிறது? வெள்ளிக்கிழமை விழா. நான் தைச்சுக் குடுக்கிறேன். அப்புறம் வேணும்னா அனுப்புங்க. ஆனா ஒண்ணு, இருந்தாலும் போனாலும் இனிமே எந்தப் பிள்ளையோட எண்ணையும் நான் கத்த மாட்டேன். நானே எழுதி மடிச்சுத் தருவேன். உங்களுக்கு முழங்கால் வலின்னா நான் நடந்து வர்றேன், எனக்கு நல்ல முழங்கால்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பிரிந்த தையலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பதினெட்டு பேரையும் மறுபடி அளந்தேன். இந்தத் தடவை திரைக்குப் பின்னால், ஒவ்வொருத்தியாக, பாடச் சொல்லி. வயிற்றை விடு, மூச்சை இழு, அந்த முதல் வரியைப் பாடு. பாடும்போது டேப் எங்கே நிற்கிறதோ அது அளவு. பாதிப் பேருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம், பிறகு சத்தமாகப் பாடினார்கள்.

பதினாறு கவுன்களுக்கு உள்ளே விட்டிருந்த துணியே போதும். சங்குவுக்குப் போதாது. எல்லாத் தையலையும் பிரித்து விட்டாலும் ஓர் இன்ச்தான் கிடைக்கும். இன்னும் இரண்டு இன்ச் வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டை நீலத் துணி வேண்டும், அக்குளிலிருந்து இடுப்பைத் தாண்டும் வரை. அந்த நீலம் ஊரிலேயே இல்லை.

பலகையின் மேல் ஒல்லி நின்றிருந்தாள். அவள் கவுனை அளவுக்குப் பிடிக்க நான் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். நாலு இன்ச் தொளதொள. இரண்டு பக்கமும் மடித்துப் பிடித்த துணி என் கையில் கொத்தாக இருந்தது. எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இதை வெட்டி எடுத்தா அவளுக்குப் பத்துமா ஆன்ட்டி?"

"வெட்டினா அப்புறம் உன்னோடதைப் பெருசு பண்ண முடியாது. அடுத்த வருஷம் போட முடியாது."

"அடுத்த வருஷமும் நான் இப்படித்தான் இருப்பேன்," என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள், கடைக்கே கேட்கும்படி. "என் இடுப்பு இருபத்துமூணு. இருபத்தாறெல்லாம் பொய். வெட்டுங்க. டீச்சர், அவ வரி எனக்கு வேணாம். பதினாறு என்னால முடியாது, வீட்டுல பாடிப் பாத்துட்டேன்."

டீச்சர் புதன்கிழமை வரை பார்க்கலாம் என்றார்.

நாலு நாள் மாஸ்டரும் நானும் பகலெல்லாம் பிரித்தோம், தைத்தோம். ஒல்லியின் கவுனிலிருந்து வெட்டிய பட்டைகளின் நடுவில் அவளுடைய பழைய பக்கத் தையல் அப்படியே இருந்தது. பிரித்தால் அகலம் போதாது. அதனால் அந்தத் தையல் கோட்டோடேயே சங்குவின் கவுனில் வைத்துத் தைத்தேன். கை கீழே இருந்தால் தெரியாது. தூக்கினால் மூன்று தையல் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

புதன்கிழமை சங்கு அதைப் போட்டுக்கொண்டு பலகையில் நின்றாள். ஜிப்பை ஒரு விரலால் ஏற்றினேன். பாடினாள். பதினாறு வந்தது. டீச்சர் இரண்டு தடவை பாட வைத்தார். இரண்டு தடவையும் வந்தது.

"சரி, நீயே பாடு," என்றார் டீச்சர். பிறகு அருகில் வந்து குனிந்து பார்த்தார். "இந்த ஒட்டு தெரியுதே. கையைத் தூக்காத. கடைசி வரைக்கும் கையைக் கீழேயே வச்சுக்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்," என்றாள் சங்கு. நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினாள். நான் காலைப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை. இவள் எதற்கோ துணிந்துவிட்டாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவும் நானும் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா தன்னுடைய ஒரே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் ஹூக் வைத்தது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் தைத்தது. வீட்டில் நான்தான் மாட்டிவிட்டேன். அவள் எக்கிப் பிடித்து, "இழு, இழு," என்று சொல்லச் சொல்ல மாட்டினேன். காரில் உட்கார்ந்தது முதல் அவள் நிமிர்ந்த முதுகு வளையவில்லை. சரியாகச் சாய்ந்துகூட உட்காராமல் நாற்காலி நுனியில் இருந்தாள்.

படிப்படியாக வைத்த பலகைகளில் பிள்ளைகள் நின்றார்கள். பதினெட்டு நீலம். டீச்சர் ஆசைப்பட்ட கோடு வரவில்லை. ஒருத்தி அகலம், ஒருத்தி உயரம், ஒருத்தி ஈர்க்குச்சி. ஆனால் எல்லோரும் பாடினார்கள், எந்த ஹூக்கும் தெறிக்கவில்லை. மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை கேட்டது.

பதினேழு பேரும் நிறுத்தினார்கள். சங்கு ஓரடி முன்னால் வந்தாள். கை இரண்டும் பக்கத்தில் ஒட்டியிருந்தன. வரியைப் பாடி, கடைசிச் சொல்லுக்கு வந்து, பிடித்தாள்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தட்டித் தட்டி எண்ணினாள். ஏழு. எட்டு. ஒன்பதில் என் தோல் கிள்ளப்பட்டது. பத்து.

பத்தில் சங்கு இரண்டு கைகளையும் தூக்கினாள். ஏதோ பாட்டின் வேகத்தில் தானாக எழும்பிய கை என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொள்ளுங்கள் என்று தூக்கினாள், தலைக்கு மேல், விரல்களை விரித்து. விளக்கு வெளிச்சத்தில் அக்குளிலிருந்து இடுப்பு வரை மூன்று மூன்று தையல் கோடுகளும் தெரிந்தன. முன்வரிசையில் டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கவுனுக்குள் அவள் வயிறும் விலாவும் விரிந்திருப்பது நாலாவது வரிசைக்குத் தெரிந்தது. அவள் எதையும் மறைக்கவில்லை. பதினாலு. பதினைந்து. பதினாறு. பதினேழு.

பதினெட்டுக்கு அக்கா தட்டவில்லை. அவள் என் காதருகில் குனிந்தாள்.

"ஏய். பின்னாடி அந்த ஹூக்கை எடுத்துவிடுடி."

"இங்கேயா?"

"இங்கதான். மூச்சு முட்டுது எனக்கு."

முதல் ஹூக்கை எடுத்தேன். இரண்டாவதை எடுத்தேன். "எல்லாத்தையும் எடு," என்றாள். மூன்றாவது பாதி துருப்பிடித்திருந்தது, நகத்தால் நெம்பினேன். விட்டுக்கொண்டது. அக்காவின் முதுகு மெதுவாக விரிந்தது. அவள் விட்ட மூச்சு பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மேடையில் சங்கு இன்னும் அந்தச் சொல்லை விடவில்லை.

விட்டபோது முதலில் எழுந்தது என் அக்காதான். நான் கையை நீட்டி அவள் முதுகுத் துணியைச் சேர்த்துப் பிடிக்கப் போனேன், பழக்கதோஷம். என் கையைத் தட்டிவிட்டாள். முதுகு திறந்தபடியே நின்று, வயிற்றை எக்காமல், கை வலிக்கிற வரை தட்டினாள்.